மாற்றம் என்னும் சோம்பற் சொல்

மலேசியத் தமிழர் எழுத்திலும் பேச்சிலும் அளவுக்கு மீறி வேலை வாங்கப்படும் சொல் ஒன்று உண்டெனின், அது 'மாற்றம்' என்பதே. நாளேட்டைப் பிரித்தால் அரசியலில் மாற்றம், கல்வியில் மாற்றம், வானிலையில் மாற்றம். மேடையேறும் பேச்சாளர், உலகில் மாறாதது மாற்றம் ஒன்றுதான் என்னும் பழகிய தொடரைச் சொல்லிக் கைதட்டலைப் பெற்றுக்கொண்ட பின்னரே தாம் பேச வந்த பொருளுக்கு வருகிறார். தொடக்கப்பள்ளி மாணவனின் கட்டுரை ஏட்டிலும் அதே தொடர் முத்து முத்தான கையெழுத்தில் இடம்பெறுகிறது. அதன் அருகே ஆசிரியரின் சிவப்பு மைச் சரிக்குறி விழுகிறது. பேச்சாளரையும் மாணவனையும் மன்னித்துவிடலாம். அந்தச் சரிக்குறியை மன்னிப்பது கடினம்.

ஏனெனில், 'மாறியது' என்று மட்டும் சொல்பவர் எதையும் சொல்லவில்லை. எது போயிற்று, எது வந்தது, தானாக நிகழ்ந்ததா, பிறர் செய்ததா, முன்னையினும் நலமா, தீதா, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புமா என்னும் வினாக்களுள் ஒன்றுக்கும் அச்சொல் விடை தருவதில்லை. பள்ளித் தேர்ச்சி அறிக்கையில் "மாணவனிடம் மாற்றம் தெரிகிறது" என்று எழுதி அனுப்பும் வகுப்பாசிரியர்கள் உளர். அதைப் படிக்கும் தந்தை, மகனுக்கு மிட்டாய் வாங்குவதா, பிரம்பைத் தேடுவதா என்று அறியாமல் திகைப்பதில் வியப்பென்ன? திருந்தினான் என்றால் ஒன்று. கெட்டான் என்றால் ஒன்று. தேறினான் என்றால் இன்னொன்று. மூன்றும் சிறிய வினைகள்தாம். எழுதுவதற்கு மை மிகுதியாகச் செலவாவதில்லை.

தமிழனின் சமையலறைக்குள் நுழைந்து பார்த்தால் இச்சொல்லுக்கு அங்கே இடமே இல்லை என்பது விளங்கும். மோர் பட்ட பால் உறைகிறது. கெட்ட பால் திரிகிறது. அரைத்த மா புளிக்கிறது. காய் பழுக்கிறது, பழம் கனிகிறது, கனிந்ததும் அழுகுகிறது. நெய் உருகுகிறது, இறுகுகிறது. குழம்பு சுண்டுகிறது. சோறு குழைகிறது. எழுத்தறியாத பாட்டியும் "பால் மாறிவிட்டது" என்று சொன்னதில்லை; சொன்னால், வேறு யார் வீட்டுப் பாலோ கைமாறி வந்துவிட்டது என்றே கேட்பவர் கொள்வர். பூவுக்கோ அரும்பு முதல் செம்மல் வரை பருவந்தோறும் ஒரு பெயர். மாங்காய்க்கு வடு என ஒரு பருவம். வானத்துக் கோள்களையும் தமிழன் விட்டுவைக்கவில்லை. சோதிடர் 'குருப் பெயர்ச்சி' என்கிறாரே தவிரக் 'குரு மாற்றம்' என்பதில்லை.

இந்நாட்டில் இரண்டு மூன்று தலைமுறைத் தமிழர்கள் இச்சொல்வன்மையை ரப்பர் மரத்தடியிலும் காட்டினார்கள். பால்மரம் சீவியவர்களுக்கு மங்கில் இருக்கும் பால் ஒன்று. வாளியில் சேர்ந்து கொட்டகைக்கு வந்த பால் ஒன்று. வெட்டுவாயில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருப்பது ஒட்டுப்பால். தானே உறைந்து போனது கட்டிப்பால். கொட்டகையில் அமிலம் சேர்த்து உறைய வைத்தது வேறு. அதை உருளையில் அழுத்தித் தகடாக்கிப் புகைக்கூடத்தில் ஏற்றினால் அதுவும் வேறு. உறைந்தது, உறைய வைத்தார்கள் என்னும் இரண்டுக்கும் இடையே காசுக் கணக்கு இருந்தது. தகட்டுக்கு ஒரு விலை, ஒட்டுப்பாலுக்கு ஒரு விலை. அவர்கள் 'பாலில் மாற்றம்' என்று மேலோட்டமாகப் பேசியிருந்தால் கூலி குறைந்திருக்கும். அம்மக்களின் பேரப்பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரை சென்று வந்து, தங்கள் தாத்தா வாழ்ந்த தோட்டத்தைப் பற்றி எழுதும்போது "ரப்பர் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாக மாறின" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒரு மரம் இன்னொரு மரமாக மாறும் வித்தை மந்திரவாதியிடம் இருக்கலாம்; மண்ணில் இல்லை. ரப்பர் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. அவ்விடத்தில் செம்பனை நடப்பட்டது. செம்பனைக்கு ஓர் ஏக்கருக்குத் தேவைப்பட்ட ஆட்கள் குறைவு. ஆகவே வேலை குறைந்தது. வேலை போனவர்கள் வீட்டையும் விட்டார்கள், வீடு தோட்ட நிருவாகத்தினுடையது ஆதலால். இத்தனையும் 'மாறின' என்னும் மூன்றெழுத்துக்குள் புதைந்து கிடக்கின்றன.

'மாறு' என்னும் வினையின் அடிப்பொருளை எண்ணிப் பார்த்தல் நலம். பண்டமாற்று, கைமாற்று, மாற்றுடை, மாற்றாந்தாய் என்னும் சொற்களில் எல்லாம் ஒன்று நீங்க, அதன் இடத்தில் மற்றொன்று வந்து நிற்பதே கருத்து. மாற்றார் என்றால் பகைவர், எதிர்நிலையில் நிற்பவர். பழந்தமிழில் 'மாற்றம்' என்பது சொல், விடை என்னும் பொருளிலும் வழங்கியது. ஒருவர் சொல்லுக்கு மற்றவர் திருப்பித் தரும் சொல் என்பதனால் போலும். (சொல்லையே குறித்த சொல், இன்று ஒன்றும் சொல்லாத சொல்லாகி நிற்பது விந்தைதான்.) எனவே ஒன்றன் இடத்தில் இன்னொன்று வந்தமர்ந்த நிகழ்ச்சிக்கு 'மாற்றம்' மிகப் பொருத்தமான சொல்லே. 2018ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலை அடுத்து நாளேடுகள் 'ஆட்சி மாற்றம்' என எழுதியது சரி. ஒரு கூட்டணி நீங்கி மற்றொரு கூட்டணி அமர்ந்தது. 2020 பிப்ரவரியில் அவ்வரசு நீங்கியதையும் சிலர் அதே சொல்லால் எழுதிச் சென்றனர். அங்கே 'கவிழ்ந்தது' என்பதா, 'கவிழ்த்தனர்' என்பதா என்று எழுதுபவன் ஒரு நொடியாவது எண்ணியிருக்க வேண்டும்.

அந்த ஒரு நொடியில்தான் இக்கட்டுரையின் வழக்கு முழுவதும் இருக்கிறது. தமிழ் வினைகள் பல இரட்டைப் பிறவிகள். மாறு, மாற்று, திருந்து, திருத்து, சுருங்கு, சுருக்கு, அடங்கு, அடக்கு, குறைந்தது, குறைத்தனர், சிதைந்தது, சிதைத்தனர், பெயர்ந்தனர், பெயர்த்தனர். ஒரு மெல்லின ஒற்று வல்லின ஒற்றாகும் இடத்தில், அல்லது ஒரு வல்லினம் இரட்டிக்கும் இடத்தில், பொறுப்பு ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்குச் செல்கிறது. தன்வினை, பிறவினை என்று இலக்கண வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடும் ஆசிரியர், அடுத்த பாடவேளையில் வரலாறு நடத்தும்போது "தோட்ட மக்கள் நகரங்களுக்கு மாறினர்" என்று சொல்லிக்கொடுப்பாராயின், முந்திய பாடவேளை வீண். விரும்பிச் சென்றவர்கள் குடிபெயர்ந்தனர். நிலம் விற்கப்பட்டதும் வெளியேறுமாறு கடிதம் பெற்றவர்கள் பெயர்க்கப்பட்டனர். நகர்ப்புறத்துப் புறம்போக்கு நிலங்களில் குடிசை போட்டவர்கள் பலர் இரண்டாம் வகையினர். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெறவேண்டும் என்றானபோது, பல்லாயிரவர் கப்பலேறினர். அவர்கள் 'இந்தியாவுக்குத் திரும்பினர்' என்றே பெரும்பாலும் எழுதப்படுகிறது. இந்நாட்டிலேயே பிறந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். கண்ணால் கண்டிராத ஊருக்கு ஒருவர் எவ்வாறு திரும்ப முடியும்? சென்றனர் என்றாவது எழுதலாம். அனுப்பப்பட்டனர் என்று எழுதத் துணிந்தால் இன்னும் நேர்மையாக இருக்கும்.

முன்னோர் இதில் நம்மினும் விழிப்பாக இருந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று போதும். 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்களை வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு பங்குகளாக்கி விற்றனர். இதை 'நில உடைமை மாற்றம்' என்று மென்மையாகப் பெயரிட்டிருக்கலாம். தமிழர்கள் இட்ட பெயர் 'துண்டாடல்'. வெட்டும் ஓசையும் வெட்டுபவன் கையும் அச்சொல்லிலேயே உள்ளன. துண்டாடுதல் என்று கேட்ட மாத்திரத்தில், துண்டானது எது, ஆடியவர் யார் என்னும் வினா எழுகிறது. அவ்வினா எழுந்ததனால்தான் தோட்டத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கும் நோக்குடன் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்ற முடிந்தது. சொல் மட்டுமே சங்கத்தைத் தோற்றுவித்தது என்று கூறுவது மிகை. ஆயினும் 'உடைமை மாற்றம்' என்னும் பெயரைக் கேட்டு எந்தத் தொழிலாளி தன் கூலியிலிருந்து பத்து வெள்ளி எடுத்துக் கொடுத்திருப்பான்?

பின்னர் வந்த தலைமுறை தேர்ந்தெடுத்த சொல் 'மேம்பாடு'. இச்சொல்லால் விளைந்த கேட்டைப் போல் வேறெதனாலும் விளையவில்லை எனலாம். வளர்ச்சி என்பது உள்ளிருந்து வருவது. விதைக்கும் குழந்தைக்கும் உரியது. முன்னேற்றம் என்பது ஓர் இலக்கு நோக்கிய நடை. மேம்பாடு என்பதோ மதிப்பீடு. முன்னிருந்ததைவிட மேலானது என்ற தீர்ப்பு அதனுள் அடங்கியிருக்கிறது. வீடமைப்பு நிறுவனத்தை 'மேம்பாட்டு நிறுவனம்' என்றும், தோட்டத்தைச் சமன் செய்து மாடி வீடுகள் கட்டுவதை 'நில மேம்பாடு' என்றும் எழுதிப் பழகிய பிறகு, லயத்து வீட்டை விட்டு வெளியேற மறுக்கும் குடும்பம் எதை எதிர்ப்பதாக ஆகிறது? மேம்பாட்டை எதிர்ப்பதாக! வழக்கு மன்றத்துக்குப் போகுமுன்னே தமிழ் நாளேட்டின் தலைப்பில் அக்குடும்பம் தோற்றுவிடுகிறது. அந்நிறுவனத்தின் விளம்பரத்தில் அச்சொல் வருவதைத் தடுக்க இயலாது. அது அவர்கள் வணிகம். தமிழ் நிருபரும் தமிழாசிரியரும் அதை அப்படியே ஏந்திக்கொள்ள வேண்டிய கட்டாயம் என்ன? வீடமைப்பு, கட்டுமானம், நிலப் பயன்பாட்டு மாற்றம் என்று வேண்டிய சொற்கள் உள்ளனவே. இங்கே 'மாற்றம்' கூட 'மேம்பாடு' என்பதைவிட நேர்மையானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தீர்ப்பை உள்ளடக்கிக்கொண்டு வரும் சொற்கள் இன்னும் பல. சீர்திருத்தம் என்றால் முன்பு சீர்கெட்டிருந்தது என்றாகிறது. மறுமலர்ச்சி என்றால் முன்பு ஒருமுறை மலர்ந்து வாடியிருக்க வேண்டும். 1998இல் எழுந்த 'ரிஃபோர்மாசி' முழக்கத்தைத் தமிழில் இவ்விரண்டு சொற்களாலும் மாறி மாறி வழங்கினர். இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. 2010ஐ ஒட்டி அரசின் திட்டங்களுக்கு 'உருமாற்றம்' என்னும் பெயர் வந்தது. கம்பளிப்புழு கூட்டுக்குள் அடங்கி, பட்டாம்பூச்சியாய் வெளிவருவதே உருமாற்றம். புழுவின் உறுப்புகள் பெரிதும் கரைந்து புதிதாய் அமைகின்றன. அதன்பின் சாலையோரச் சாக்கடையைத் தூர்வாருவதற்கும் அதே சொல்லை ஆளத் தொடங்கியபோது, சொல்லும் தேய்ந்தது, புழுவும் சிறுமைப்பட்டது. 'புரட்சி' என்னும் சொல்லுக்குத் திரைப்படச் சுவரொட்டிகள் செய்த கொடுமையை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

எழுத்துச் சீர்திருத்தம் என்று எல்லாரும் அறிந்த நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்ளலாம். பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட வடிவங்களுள் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகளை 1978இல் தமிழக அரசு ஏற்றது. அடுத்த சில ஆண்டுகளில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவை பாடநூல்களில் இடம்பெற்றன. அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சுக்கும் எளிமை கிடைத்தது. குழந்தைகளுக்கும் கற்கும் சுமை குறைந்தது. வரவேற்கத்தக்க செயலே. எனினும் யானைத் தும்பிக்கை போல் வளைந்த பழைய 'லை'யை எழுதியவர்கள் சீர்கேட்டையா எழுதினார்கள்? எழுத்து வடிவ மாற்றம் என்றோ, வடிவ ஒழுங்கு என்றோ சொல்லியிருந்தால், ஏற்பவரும் மறுப்பவரும் சமநிலத்தில் நின்று வாதிட்டிருப்பர். சீர்திருத்தம் என்று பெயரிட்ட உடனே மறுப்பவர் பிற்போக்காளர் ஆகிவிட்டார். தாம் ஆதரிக்கும் செயலுக்கும் நடுநிலையான பெயரிடுவதே எழுத்தாளனுக்கு வைக்கப்படும் கடுமையான தேர்வு.

அறிவியலாசிரியர்களும் இதற்கு விலக்கல்லர். 'பரிணாம வளர்ச்சி' என்ற தொடர் வேரூன்றிவிட்டது. இருண்ட குகை நீரில் வாழும் மீன்கள் கண்ணை இழந்ததும் பரிணாமமே. குடலில் வாழும் நாடாப்புழுவுக்கு உணவுக் குழாயே இல்லாமற் போனதும் பரிணாமமே. இவற்றில் வளர்ச்சி எங்கே? பரிணாமம் என்று நிறுத்தினாலே போதும்.

இதற்கு மறுப்புக் கூறுவோர் இருவகையினர். குழந்தைகளுக்கு எளிய சொல் போதும் என்பார் ஒருசாரார். எது எளிய சொல்? 'மாற்றம்' என்னும் தொழிற்பெயரைக் கற்குமுன்னே குழந்தை உடைந்தது, கிழிந்தது, நனைந்தது, காய்ந்தது, அழுகியது என்பனவற்றைத் தாய்மடியிலேயே கற்றுவிடுகிறது. எளிமையைக் கொண்டு வந்த குழந்தையிடமிருந்து அதைப் பறித்துக்கொண்டு, பொதுச்சொல் ஒன்றைக் கையில் திணித்து அனுப்புவதைப் பள்ளிகள் எளிமை என்று எண்ணிக்கொள்கின்றன. இதே மாணவன் மலாய் மொழித் தேர்வில் 'உபா', 'துக்கார்', 'கந்தி', 'பிண்டா' என்னும் நான்கையும் வேறுபடுத்தி எழுதாவிடில் மதிப்பெண் இழக்கிறான், ஆகவே எழுதுகிறான். தமிழ்த் தாளில் நான்குக்கும் 'மாற்றம்' என்று எழுதிவிட்டு முழு மதிப்பெண் பெறுகிறான்.

மற்றொரு சாரார் இதற்கு நேர்மாறானவர். அவர்கள் ஒருபொருட் பன்மொழிப் பட்டியலில் நம்பிக்கை வைத்தவர்கள். மாற்றம், மாறுதல், மாறுபாடு, வேறுபாடு, திரிபு, பெயர்ச்சி என்று பத்துச் சொற்களைச் சுவரில் ஒட்டி, மனனம் செய்யச் சொல்லி, கட்டுரையில் ஒரு சொல் இருமுறை வராமல் பார்த்துக்கொள் என்று அறிவுறுத்துவர். இது முன்னதினும் இடர். மாறுபாடு என்பது இரண்டு பொருள்கள் முரணி நிற்பது; ஒன்று வேறொன்றாவது அன்று. திரிபு என்பது இயல்பு நிலையிலிருந்து விலகுதல். செய்தியைத் திரித்தல் குற்றம். நிகண்டுகள் சொற்களை ஓரிடத்தில் தொகுத்து வைத்தன என்பதற்காக எந்தச் சொல்லும் எந்த இடத்திலும் பொருந்தும் என்பது பொருளன்று. உறவினர் அனைவரையும் ஒரே நிழற்படத்தில் நிறுத்தியதனால் மாமனும் மைத்துனனும் ஒருவராகிவிடுவதில்லை.

இலக்கண நூலார் இவ்வகையில் காட்டிய கண்டிப்பு வியப்புக்குரியது. வாழைப்பழத்தில் ஒற்றுத் தோன்றியது. பொற்குடத்தில் 'ன்' திரிந்தது. மரவேரில் 'ம்' கெட்டது. ஓரெழுத்து அசைந்தால்கூட அது தோன்றலா, திரிதலா, கெடுதலா என்று நன்னூல் கேட்கிறது. தொல்காப்பியமும் மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் எனத் திரிபை மூன்றாக்கியது. மாற்றத்தை ஆதரிப்போர் எல்லாரும் மேற்கோளாக எடுத்தாளும் நன்னூல் நூற்பா ஒன்று உண்டு. பழையவை நீங்குவதும் புதியவை சேர்வதும் காலத்தால் குற்றமாகா என்பது அதன் கருத்து. அந்நூற்பாவில் 'மாறுதல்' என்ற சொல்லே இல்லை. கழிவது ஒன்று, புகுவது ஒன்று எனத் தனித்தனி வினைகளை ஆள்கிறார் பவணந்தியார். எது கழிந்தது, எது புகுந்தது என்று கணக்குக் காட்டிய பின்னரே குற்றமில்லை என்னும் தீர்ப்பு வருகிறது. கணக்கைக் காட்டாமல் தீர்ப்பை மட்டும் கேட்பவர்களுக்கு அந்நூற்பா துணை நிற்காது.

கல்வித் துறையின் செயல்களையும் இந்தக் கணக்கோடு பார்த்தல் வேண்டும். 1983இல் நாடு முழுவதும் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் வந்தது. 2011இல் அதன் இடத்தில் தரக் கலைத்திட்டம் வந்தது. இவை மாற்றங்கள். 2017இல் நிகழ்ந்தது இருந்ததன் சீராய்வு. அதை மாற்றம் என்பது மிகை. 1988 முதல் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. தேர்வு முறை மாறியது என்று எழுதினால், வேறொரு பொதுத்தேர்வு அவ்விடத்தில் வந்தது போல் பெற்றோர் மயங்குவர், மயங்கவும் செய்தனர்.

தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை குறித்துப் பேசும்போதாவது இந்தச் சோம்பல் ஒழிய வேண்டாமா? 1957இல் 888 ஆக இருந்தவை இன்று 530ஐ ஒட்டி நிற்கின்றன. 'காலப்போக்கில் மாற்றம் கண்டது' என்று விழா மலர்களில் எழுதுகிறார்கள். அம்முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளும் ஒரே வழியில் போகவில்லை. சில, அருகிலுள்ள பள்ளியோடு இணைக்கப்பட்டன. சில, தோட்டம் காலியானபின் மாணவரின்றி ஓய்ந்தன. சில மூடப்பட்டன. எஞ்சியவற்றுள் சில, உரிமத்தோடு வேறிடம் பெயர்ந்து புதிய கட்டடத்தில் முன்னினும் பெரிதாய் வளர்ந்திருக்கின்றன. ஓய்ந்ததற்கும் மூடியதற்கும் வேறுபாடு தெரியாமல் எழுதப்படும் பள்ளி வரலாறு, இன்று மாணவர் குறைந்து நிற்கும் அடுத்த பள்ளியைக் காக்க எவ்வாறு உதவும்? ஓய்ந்த பள்ளிக்கு மருந்து இடம்பெயர்த்தல். மூடப்படும் பள்ளிக்கு மருந்து முறையீடு.

இடம்பெயர்ந்த பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் பழைய தோட்டத்தின் பெயர் இன்றும் இருக்கிறது. சுற்றிலும் தாமான் வீடுகள், பேரங்காடி, நெடுஞ்சாலை. "ஐயா, பள்ளியின் பெயரில் உள்ள தோட்டம் எங்கே?" என்று முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று கேட்கும், ஆண்டுதோறும் ஒரு பிள்ளையாவது கேட்கத்தான் கேட்கிறது. "அதெல்லாம் மாறிப்போயிற்று" என்று ஆசிரியர் சொன்னால், பிள்ளை தலையாட்டிவிட்டு விளையாடப் போகும். விற்றார்கள், மரத்தை வெட்டினார்கள், மக்களை வெளியேற்றினார்கள், உன் பாட்டி போராடி இந்தப் பள்ளியை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்தாள் என்று சொன்னால், அது அடுத்த வினாவைக் கேட்கும்.